நீராவிக் கொதிகலனும் வெந்நீர்த் தொட்டியும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் யாம், அமெரிக்க நாட்டு வீடொன்றின் நீராவிக் கொதிகலனைக் குறித்து எழுதப் புகுந்தமை கண்டு, இம்மலரைப் படிக்கும் அன்பர் சிலர் முறுவலித்தல் கூடும். பௌதிக வகுப்பினர் எழுதவேண்டுவதனைப் பாட்டும் இலக்கணமும் பயில்வோர் எழுதலாமோ எனின், எழுதலாம் என்பதே எம் விடை. எற்றுக்கெனின், இப்பொருளில் அறிவுடையோரும் இடறுவது பெருக்கலிலோ வகுத்தலிலோ அன்று. எதனோடு எதனைக் கூட்டலாம், எதனோடு எதனைக் கூட்டலாகாது என்று ஆராய்ந்து பாராமையினாலேயே இடறுகின்றனர். அவ்வாராய்ச்சி சொற்பொருள் ஆராய்வார்க்கும் உரியதே.

சென்ற தைத் திங்களில் நிகழ்ந்தது இது. எம் தமக்கையார் தம் கணவரோடு மாசச்சூசெட்ஸ் மாகாணத்தில் பாஸ்டன் நகருக்கு அணித்தாகிய ஓரூரில் வாழ்கின்றார். அத்தான் நம் கல்லூரியிலேயே பௌதிகம் பயின்று பட்டம் பெற்றவர். தமக்கையாரின் பேறுகாலத்திற்கு உதவும்பொருட்டு எம் அன்னையாரும் அங்குச் சென்றிருந்தார். குழந்தை பிறந்த பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில், அவ்வீட்டின் நிலவறையில் இருந்த பழைய வார்ப்பிரும்புக் கொதிகலன் விரிசல் கண்டு நீரை ஒழுகவிட்டது. வீட்டிற்கு வெப்பம் தந்ததும் அதுவே. குழாயில் வெந்நீர் தந்ததும் அதுவே. ஆதலின் இரண்டும் ஒருசேர நின்றன. புறத்தே வெப்பநிலை பாரன்ஹீட் 12 பாகை. நம் கணக்கில் உறைநிலைக்குக் கீழே 11 பாகை செல்சியஸ். தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்துவிடாதிருக்க, அவற்றைச் சிறிது சிறிதாகச் சொட்டவிட்டனர். அண்டை வீட்டார் ஈந்த இரண்டு மின்னடுப்புகளை ஓரறையில் வைத்து, குழந்தை உட்பட நால்வரும் மூன்று நாட்கள் அவ்வறைக்குள்ளேயே ஒடுங்கியிருந்தனர். அம்மூன்று நாட்களிலும் தொலைபேசியின் வழியே எம் குடும்பத்தாருள் நடந்த வழக்கே இக்கட்டுரைக்கு மூலம்.

நீராவியால் வீட்டை வெதுப்பும் முறை நம் நாட்டார்க்குப் பழக்கமில்லாதது. ஆகவே அதனைச் சிறிது விளக்குதல் வேண்டும். நம் பாட்டிமார் காலத்துச் செப்பு வெந்நீர்ப் பாய்லரைக் கண்டோர் இன்றும் பலர் உளர்: நடுவே கரி எரியும் குழல், அதனைச் சூழ்ந்து நீர், பக்கத்தே ஒரு குழாய். அமெரிக்க வீட்டின் கொதிகலனும் அடிப்படையில் அதன் இனமே. ஆனால் அதில் நீர் கொதித்து ஆவியாகின்றது. ஆவி குழாய்களின் வழியே மேலேறி, அறைதோறும் நிறுத்தப்பட்டுள்ள வார்ப்பிரும்பு ரேடியேட்டர்களிற் புகுகின்றது. அங்கே தன் வெப்பத்தை விட்டு மீண்டும் நீராகி, அந்நீர் கொதிகலனுக்கே இழிந்து வருகின்றது. பழைய வீடுகள் பலவற்றில் ஏறும் ஆவிக்கும் இறங்கும் நீருக்கும் ஒரே குழாய்தான். ஆவியை உந்துதற்குப் பம்பு இல்லை. தன் அழுத்தத்தாலேயே அது செல்கின்றது, அவ்வழுத்தமும் சதுர அங்குலத்திற்கு இரண்டு பவுண்டுக்குக் குறைவாகவே இருத்தல் நன்று. ரேடியேட்டரின் ஒரு பக்கத்தே சிறு காற்றுப்போக்கி உண்டு. உள்ளிருக்கும் காற்று வெளியேறும் வரை அது சீறிக்கொண்டிருக்கும். ஆவி வந்து சுட்டவுடன் வாய் மூடும். அச்சீற்றத்தை முதன்முறை கேட்ட இரவில் எம் அன்னையார் விளக்கை ஏற்றிக் கட்டிலின் கீழே பாம்பு தேடினாராம்.

ஒரு பவுண்டு நீரை ஒரு பாகை பாரன்ஹீட் சூடேற்றும் வெப்பத்தைப் பிரிட்டிஷ் வெப்ப அலகு என்பர். ஈண்டு யாம் சுருக்கமாக அலகு என்றே வழங்குவோம். ஒரு பவுண்டு நீராவி நீராக மாறும்பொழுது ஏறத்தாழ 970 அலகுகளை விடுகின்றது. வெப்பமானியிற் புலப்படாது கரந்து நிற்கும் இம்மறைவெப்பத்தை ஸ்காத்லாந்து நாட்டு ஜோசப் பிளாக் 1760களில் ஆராய்ந்து வெளிப்படுத்தினார். நீராவி வீட்டின் இயக்கம் முழுவதும் இதனைச் சார்ந்தது. ரேடியேட்டரின் ஆற்றலைத் தொழிலாளர் 'சதுர அடி' என்னும் பெயரால் அளப்பர். மணிக்கு 240 அலகு வெப்பம் விடுவது ஒரு சதுர அடி. இஃது அளவு நாடாவிற்கு அகப்படும் பரப்பன்று, வெப்பத்திற்கு இட்ட பெயர் என்பதனை நினைவிற் கொள்க. 38 அங்குல உயரமுள்ள இரட்டைத் தூண் ரேடியேட்டரில் ஒவ்வொரு பகுதிக்கும் 4 சதுர அடி என்பது பழைய அட்டவணைகளின் கணக்கு. பத்துப் பகுதியாயின் 40 சதுர அடி. மணிக்கு 9,600 அலகு. அதாவது, குளிர்ந்தால் ஏறக்குறைய நாலரை லிட்டர் நீராகக்கூடிய ஆவியை அந்த ஒரு ரேடியேட்டர் மணிதோறும் விழுங்குகின்றது. விழுங்குதல் என்னும் சொல்லை யாம் வேண்டுமென்றே இடுகின்றோம். எல்லா ரேடியேட்டரும் சேர்ந்து எவ்வளவு விழுங்குமோ அவ்வளவு ஆவியையே கொதிகலன் ஊட்டவேண்டும். குறைத்து ஊட்டினால் கடைசி அறைக்கு ஆவி சென்று சேராது. மிகுத்து ஊட்டினால் விழுங்கமாட்டாமையின் அழுத்தம் ஏறும்.

நிற்க. பழுது பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் ஒருவர் நிலவறையில் ஐந்து நிமிடம் நின்றார். உடைந்த கொதிகலனின் மேலிருந்த தகட்டைப் படித்தார். அதில் மணிக்கு 1,90,000 அலகு எனக் கண்டிருந்தது. "இதே அளவிற் புதியது வைத்துவிடலாம்; வெந்நீருக்கும் கவலை இராது" என்று கூறி அகன்றார். மேலறைகளுக்குச் சென்று ஒரு ரேடியேட்டரையேனும் எண்ணிப் பார்த்தாரில்லை. அன்னையார் அவர் சொல்லை முழுமனத்தோடு ஏற்றுக்கொண்டார். "பச்சைப்பிள்ளை இருக்கிற வீடு, பெரியதாகவே வாங்கிவிடட்டும். பெரிய பானையிலே கொஞ்சமாய்ச் சமைக்கலாம். சின்னப் பானையிலே நிறையச் சமைக்க முடியுமா?" என்பது அவர் வாதம். பானையைப் பொறுத்தவரையில் இவ்வாதத்திற்கு மறுப்பில்லை.

அத்தான் அன்றிரவே கம்பளியைப் போர்த்துக்கொண்டு அறை அறையாகச் சென்று ரேடியேட்டர்களை எண்ணினார். ஒன்பது இருந்தன, மொத்தம் 320 சதுர அடி. அதனை 240ஆற் பெருக்கினால் 76,800 அலகு. குழாய்கள் சூடேறுவதற்கும், குளிர்ந்து கிடக்கும் வீட்டை விரைவில் வெதுப்புவதற்கும் மூன்றில் ஒரு பங்கு கூட்டுதல் அந்நாட்டு வழக்கம். கூட்டினால் ஏறத்தாழ 1,02,000. இதுவரை ஐயத்திற்கு இடமில்லை. அதன்பின் வெந்நீருக்கு வந்தார். குளியலறைப் பொழிகுழாய் நிமிடத்திற்கு 2.5 கேலன், அதாவது ஒன்பதரை லிட்டர், சொரியும். மாரிக்காலத்துக் குளிர்ந்த நீரை 70 பாகை பாரன்ஹீட் உயர்த்தவேண்டும். அதற்கு மணிக்கு 87,500 அலகு. முன்னதனோடு இதனைக் கூட்ட, 1,89,500! பழைய தகட்டின் எண்ணோ 1,90,000. "ஒப்பந்தக்காரர் கண்ணால் அளந்ததும் நான் கணக்கால் அளந்ததும் ஒன்றாகிவிட்டன" என்று அத்தானே மகிழ்ந்து எமக்குச் செய்தி விடுத்தார்.

இரண்டு எண்களும் தனித்தனியே மெய். கூட்டிய எண்ணே பொய் என்பது எம் துணிபு. இதனை அன்றே அவருக்கு எழுதினோம், ஈண்டும் விரித்துரைக்கின்றோம்.

முதலாவது, ரேடியேட்டரின் எண்ணும் பொழிகுழாயின் எண்ணும் ஒரே சாதியைச் சேர்ந்தவை அல்ல. கடுங்குளிர் நாளில் ரேடியேட்டர் பகல் முழுதும் இரவு முழுதும் வெப்பம் வேண்டி நிற்பது. பொழிகுழாயோ மணிக்கு 87,500 அலகு வேண்டுமெனினும், எவரும் அதன்கீழ் ஒரு மணி நேரம் நிற்பதில்லை. (நீராடுதலிற் பெருவிருப்புடைய எம் அன்னையாரும் கால்மணிக்கு மேல் நில்லார்.) பத்து நிமிட நீராட்டிற்கு 25 கேலன், அதற்கு வேண்டுவது சுமார் 14,600 அலகு மட்டுமே. இது விரைவின் கணக்கன்று, கொள்ளளவின் கணக்கு. கொள்ளளவிற்கு மருந்து தேக்கம். நம் நாட்டில் ஏரியுள்ள ஊரில் எவரும் வரத்துக்காலை வயலின் ஒருநாள் வேட்கைக்கு ஏற்ப அகழ்வதில்லை. சிறிய கால் பல நாள் ஓடி நிரப்பினாலும், மடை திறந்தபொழுது வேண்டிய நீர் பாய்கின்றது. வெந்நீருக்கும் அத்தகைய ஏரி ஒன்று உண்டு. அதுவே தொட்டி.

அதன் அமைப்பு இது. நன்றாக உறையிட்ட ஒரு தொட்டி. அதனுள்ளே ஒரு சுருட்குழாய். கொதிகலனில் நீர்மட்டத்திற்குக் கீழே நிற்கும் சுடுநீரைச் சிறு பம்பு ஒன்று இழுத்து அச்சுருளின் வழியே சுழலவிடும். கொதிகலனின் அழுக்குநீரும் வீட்டார் நீராடும் நன்னீரும் கலவா. வெப்பம் மட்டுமே சுருளின் சுவரைக் கடந்து செல்லும். வேனிற்காலத்தில் ரேடியேட்டர்களுக்கு ஆவி வேண்டாதபொழுது, கொதிநிலையை எட்டுமுன் 180 பாகை பாரன்ஹீட் அளவில் நெருப்பை நிறுத்துதற்கு ஒரு கருவி உண்டு. 40 கேலன் தொட்டியை 70 பாகை உயர்த்த ஏறக்குறைய 23,300 அலகு வேண்டும். 1,02,000 அலகுக் கொதிகலன் தன் ஆற்றல் முழுவதையும் அதற்குத் தருமாயின் கணக்கின்படி 14 நிமிடம். வழியில் இழப்பும் சுருளின் தயக்கமும் உண்டாதலின் அரைமணி என்றே கொள்வோம். அவ்வரைமணியில் வார்ப்பிரும்பு ரேடியேட்டர்கள் முற்றும் குளிர்வதில்லை; வீட்டின் வெப்பமும் பெரிதாக இறங்குவதில்லை. அன்றியும், மூன்றில் ஒரு பங்காக முன்னரே கூட்டிவைத்த 25,000 அலகு, குழாய்கள் சூடேறியபின் பெரும்பாலும் வேலையற்றே இருக்கின்றது. அதனை மட்டும் தொட்டிக்குத் தந்தாலும் ஒரு மணிக்குள் தொட்டி நிறைவெப்பம் எய்தும். வீட்டிலேயே ஓய்ந்திருக்கும் ஆளை விட்டு வெளியே கூலிக்கு ஆள் தேடுவானேன்?

தொட்டியின் வெப்பநிலையைப் பற்றியும் ஒரு சொல். பிலடெல்பியா நகர விடுதி ஒன்றில் 1976ஆம் ஆண்டு தங்கியிருந்த படைவீரர் சங்கத்தார் பலர் ஒருவகை நுரையீரற் காய்ச்சலால் மாண்டனர். லெஜியோனெல்லா என்னும் நுண்ணுயிரே அதற்குக் காரணம் எனப் பின்னர்க் கண்டனர்; வெதுவெதுப்பான தேக்கநீர் அதற்கு ஏற்ற வாழிடம். ஆதலின் தொட்டியை 140 பாகை பாரன்ஹீட், அதாவது 60 செல்சியஸ், அளவில் வைத்தல் நலம். ஆனால் அவ்வெப்பமுள்ள நீர் சில நொடிகளிலேயே தோலை வேகவைக்கும். பச்சைக் குழந்தையின் தோலுக்கு அதனினும் குறைந்த நேரம் போதும். எனவே தொட்டியின் வாயிலிலேயே தண்ணீரைக் கலந்து 120 பாகைக்கு இறக்கும் கலப்பு வால்வு ஒன்று இருந்தே தீரவேண்டும். இதனை விருப்பத்திற்கு விடலாகாது என்று அத்தானுக்கு மும்முறை எழுதினோம். இதில் மற்றொரு நன்மையும் உண்டு. 140 பாகையில் உள்ள 40 கேலன் நீர், 50 பாகைத் தண்ணீரோடு கலந்து 110 பாகையாக வருங்கால் 60 கேலன் ஆகின்றது. கொதிகலன் அணுவளவும் பெருகாமலே வெந்நீர் ஒன்றரை மடங்காயிற்று. தொட்டியை மீளச் சூடேற்றுதற்கு மட்டும் நான்கு நிமிடம் கூடும்.

இரண்டாவது, பெரிய கொதிகலன் செய்யும் தீங்கு. 'மிகுதியாக இருந்தால் என்ன குடி முழுகிவிடும்?' என்போர்க்கே இதனை எழுதுகின்றோம். ரேடியேட்டர்கள் விழுங்குவது 76,800 அலகு. குழாய்களின் இழப்பையும் சேர்த்தால் சிறிது கூடும். 1,90,000 அலகுக் கொதிகலன் அதற்கு இருமடங்கிற்கு மேலான ஆவியை எழுப்பும். இடமில்லாத ஆவி அழுத்தமாகின்றது. அழுத்தம் எல்லையைத் தொட்டவுடன் காவற்கருவி நெருப்பை அணைக்கின்றது. சிறிது நேரத்தில் அழுத்தம் தாழ, நெருப்பு மீண்டும் மூள்கின்றது. கடுங்குளிர் இரவில் இவ்வாறு அணைவதும் மூள்வதும் நிமிடக்கணக்கில் நிகழும். ஒவ்வொரு முறையும் சிறிது எரிபொருள் புகைபோக்கி வழியே வீணாகின்றது. ஒவ்வொரு முறையும் கருவிகள் தேய்கின்றன. நெருப்பின் மிகுதியால் நீர் குமுறி எழுந்து ஆவியோடு கலந்து குழாய்களில் ஏறும். ஏறிய நீர் வளைவுகளில் மோதிச் சம்மட்டியால் அடித்தாற்போல ஒலிக்கும். உறங்கும் குழந்தையை எழுப்புதற்கு அதனினும் சிறந்த வழி இல்லை. அழுத்தம் மிகுந்தமையாற் காற்றுப்போக்கிகளும் விரைவிற் கெடுகின்றன. அவை கெட்டபின் அறைகள் ஒன்று சுட்டும் ஒன்று குளிர்ந்தும் கிடக்கும். அதனைக் கண்டு, 'கொதிகலன் போதவில்லை, இன்னும் பெரியது வேண்டும்' என்று கூறுவாரும் உளர்!

அன்னையாரின் பானை வாதத்திற்கு விடை இதனுள் இருக்கின்றது. பானை, இட்ட அரிசிக்கு ஏற்ப வேகும். வீட்டு நீராவிக் கொதிகலனோ பெரும்பாலும் எரிந்தால் முழு அளவில் எரியும், இல்லையேல் அணைந்திருக்கும். கொஞ்சமாய்ச் சமைக்கத் தெரியாத பெரிய பானை அது. இவ்வாறு சொன்னபொழுது அன்னையார் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "அப்படியானால் அது பானையே இல்லை" என்றார். அதுவே யாம் கூறியதும்.

ஆயின், பழைய கொதிகலன் அவ்வளவு பெரிதாக இருந்தது ஏன்? பழமைக்கு அறிவில்லை என்று சொல்லிவிடுதல் எளிது, அது நேர்மையன்று. அவ்வீடு 1920களிற் கட்டப்பட்டது. நிலக்கரி எரித்த காலம் அது. கரி நெருப்பு விசையைத் தட்டியவுடன் எழுவதில்லை. இரவில் சாம்பல் மூடிக் கிடந்ததை விடியலில் எழுப்புதற்கு மிகுந்த இடங்கொடுத்தே அளவிட்டனர். பின்னர் எண்ணெய்க்கும், அதன்பின் எரிவாயுவிற்கும் மாறியபொழுது, ஒவ்வொருவரும் முன்னிருந்த தகட்டைப் படித்தே புதியதை வைத்தனர். மேலும், 1918ஆம் ஆண்டின் இன்புளூயன்சாக் கொள்ளைநோய்க்குப் பின், மூடிய அறையின் காற்று நஞ்சு என்னும் அச்சம் அந்நாட்டில் ஓங்கியிருந்தது. கடுங்குளிரிலும் சன்னல்களைத் திறந்து வைத்து வாழ்தல் வேண்டும் என்று சுகாதாரத்தார் அறிவுறுத்தினர். திறந்த சன்னலோடும் அறை வெதுவெதுப்பாக இருக்கும்படி ரேடியேட்டர்களையே பெரியனவாக வைத்தனர். இற்றை நாளில் அச்சன்னல்கள் அடைபட்டுள்ளன, கண்ணாடியும் இரட்டை, கூரைக்கும் உறையிட்டுள்ளனர். நோய் அஞ்சி வைத்த இரும்பு மட்டும் அறையில் அப்படியே நிற்கின்றது. அதற்குமேல் ஒரு குறிப்பு: அப்பழைய கொதிகலனில் தொட்டி இல்லை, அதற்குள்ளேயே அமிழ்ந்த ஒரு செப்புச் சுருளின் வழியே தண்ணீர் ஓடி, ஓடும்பொழுதே சூடேறிற்று. தேக்கமில்லாத அவ்வமைப்பில் பொழிகுழாயின் விரைவிற்கு ஈடுகொடுக்கவேண்டியிருந்தது என்பதனை யாம் மறுக்கவில்லை. ஏரியில்லாத ஊரின் கணக்கு வேறு.

இதனைக் கேட்ட எம் வகுப்புத் தோழர் ஒருவர் மறுதலையாக வினவினார்: 'வீடு இன்று குறைந்த வெப்பமே இழக்கின்றதெனின், அவ்விழப்பைக் கணக்கிட்டு, 1,02,000க்கும் குறைந்த கொதிகலனையன்றோ வைக்கவேண்டும்?' நல்ல வினா. சுடுநீரைச் சுழற்றி வெதுப்பும் வீடாயின் அவர் கூறுவதே முறை. ஏனெனில் நீர் சற்றுக் குறைந்த வெப்பத்தோடும் எல்லா அறைகளுக்கும் செல்லும். ஆவி அங்ஙனம் செல்லாது. முதலிலுள்ள ரேடியேட்டர்கள் தம் வயிற்றை நிரப்பிக்கொண்ட பின்னரே கடைசிக்கு வரும். போதாதாயின் வாராமலே நின்றுவிடும். தமக்கையாரும் குழந்தையும் உறங்கும் அறை கடைசி அறை. ஆகவே நீராவி வீட்டில் வீட்டின் இழப்பையும் அளக்கவேண்டா, பழைய தகட்டையும் படிக்கவேண்டா, ரேடியேட்டர்களை எண்ணுக. அந்நாட்டுத் தொழிலாளரிடையே இவ்வறிவு மங்கிப் போயிற்று என்பதனை, டான் ஹோலஹன் என்பவர் 1992ஆம் ஆண்டு வெளியிட்ட நீராவி வெதுப்பியல் நூலுக்கு 'இழந்துபோன கலை' என்று பெயரிட்டதே காட்டும்.

வெடித்துவிடுமோ என்னும் அச்சமும் அன்னையாருக்கு இருந்தது. அது வெற்றச்சம் அன்று. பாஸ்டனுக்குத் தெற்கே ஏறக்குறைய 20 மைலில் உள்ள பிராக்டன் நகரில், 1905 மார்ச்சு 20ஆம் நாள், செருப்புத் தொழிற்சாலை ஒன்றின் கொதிகலன் வெடித்து 58 பேர் மாண்டனர். அதன் பயனாகவே மாசச்சூசெட்ஸில் 1907ஆம் ஆண்டு கொதிகலன் சட்டம் பிறந்தது. அமெரிக்க இயந்திரப் பொறியியலார் சங்கத்தின் 1914ஆம் ஆண்டு விதித்தொகுதிக்கும் அதுவே வழிகோலியது. இன்று வீட்டுக் கொதிகலனில் 15 பவுண்டு அழுத்தத்திலேயே திறந்துகொள்ளும் காப்பு வால்வும், நீர் குறைந்தால் நெருப்பை அணைக்கும் கருவியும் உண்டு. கண்ணாடிக் குழலில் நீர்மட்டத்தை நாள்தோறும் பார்த்துவருமாறு அன்னையாரிடம் சொன்னோம். பால் காய்ச்சும்போது பார்ப்பதுபோலப் பார்த்துவந்ததாகப் பின்னர்த் தெரிந்துகொண்டோம்.

எல்லா வீட்டிற்கும் இதுவே முறை என்று யாம் சாதிக்கப் புகவில்லை. ஒரே வேளையில் இருவர் நீராடும் பெருங்குடும்பமாயின், 60 கேலன் தொட்டி வைக்கலாம், கொதிகலனைத் தொடவேண்டா. உண்மையான இடர்ப்பாடு வேனிற்காலத்தில் உள்ளது. ஆடி மாதத்தில் ஒரு குடம் வெந்நீருக்காக அத்துணைப் பெரிய இரும்பையும் அதனுள் நிற்கும் நீரையும் சூடேற்றுவது, ஒரு தம்ளர் காப்பிக்கு விருந்தடுப்பை மூட்டுவது போன்றது. அவ்வெப்பத்தில் ஒரு பங்கு நிலவறையிலும் புகைபோக்கியிலும் போய்விடும். ஆதலின் இடமும் பொருளும் உள்ளவர்கள் வெந்நீருக்குத் தனியே ஓர் அடுகலன் வைத்து, கொதிகலனை வேனில் முழுதும் உறங்கவிடுதலே சிறந்தது என்பது எம் கருத்து. அத்தான் இதற்கு உடன்படவில்லை. இரண்டு கருவிகளுக்கு இரண்டு பழுது என்கின்றார். குழந்தைச் செலவு மிகுந்த ஆண்டில் மற்றொரு கருவிக்குப் பொருள் இல்லை என்றும் கூறுகின்றார். பின்னதற்கு எம்மிடம் விடையில்லை.

மூன்றாம் நாள் வேறோர் ஒப்பந்தக்காரர் வந்தார். வந்தவுடன் நிலவறைக்குச் செல்லாமல் மாடிக்குச் சென்றார் என்று தமக்கையார் கூறியபொழுதே எமக்கு நம்பிக்கை பிறந்தது. அவரும் 320 சதுர அடி என்றே எண்ணி, அதற்கு அணித்தான அளவில் ஒரு கொதிகலனையும் 40 கேலன் தொட்டியையும் கலப்பு வால்வோடு நான்காம் நாள் மாலைக்குள் அமைத்துத் தந்தார். கடைசி அறை ரேடியேட்டர் முதலிரு இரவுகளில் சூடேறச் சுணங்கிற்று. காற்றுப்போக்கியை மாற்றியபின் சரியாயிற்று. குழந்தையை நீராட்டியபின்னும் தமக்கு வெந்நீர் மிஞ்சுகின்றது என்று அன்னையார் ஒப்புக்கொள்கின்றார். எனினும் புதிய கொதிகலனைப் பார்க்கும்போதெல்லாம் "சின்னதுதான்" என்பதையும் விடவில்லை. வேனிற்காலத்து எரிவாயுக் கணக்குச்சீட்டு வந்தபின், தனி அடுகலன் வேண்டுமா வேண்டாவா என்பதனை மீண்டும் பேசுவதாக அத்தான் எழுதியிருக்கின்றார்.